கயித்தான் மச்சான் கடைஞ்ச சாப்டு

அண்ணாச்சி, கால கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சுக்கிடுங்க. இந்தப் பைய தெரியாம எத்திட்டியன்னா ஒங்க வெரலுதான் போவும். உள்ள இருக்கது இரும்பு. ஒரு முழத்துக்கு எஸ்.எஸ். கம்பி, துருப்புடிக்காத இரும்பு, முறிஞ்சது. பழைய இரும்பு யாவாரின்னு நெனைச்சிராதீங்க. நான் மெக்கானிக்கு. பெர்க்மான்ஸ்னு பேரு. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துல எந்த லாஞ்சுல ஏறிக் கேட்டாலும் என்னயப் பத்திச் சொல்லுவாவ. என்ன சொல்லுவாவங்கது வேற விசயம்.

பாத்தியளா, நான் வாயத் தொறக்க முந்தியே கண்டக்டர் தம்பி திருச்செந்தூர்னு டிக்கெட்டு அடிச்சுக் குடுத்திட்டுப் போறாரு. நான் எறங்க வேண்டியது ஆறுமுகநேரி. சொன்னா கேக்கவா செய்வாரு? எப்பப் பாரு காதுல வயரச் சொருகிக்கிட்டு. நாம இங்கன கெடந்து கத்துனாலும் அவருக்கு ஒண்ணும் விழாது. அதுவும் ஒரு வகைக்கு நல்லதுதான்.

எங்க போறேன்னு கேட்டியளா? எங்க அக்கா வீட்டுக்கு. கித்தேரி அக்கா. அவ மவளுக்கு வார புதங்கெழம கல்யாணம். நான் தாய்மாமன். தாய்மாமனுக்குப் பத்திரிகை எப்படி அண்ணாச்சி வரணும்? அக்காளும் மச்சானுமா வீடேறி வந்து, தட்டுல வெத்தல பாக்கு பழம் எல்லாம் வெச்சு, "நீ வந்துதான் எல்லாம் நடத்தணும்"னு சொல்லித் தரணும். எனக்குத் தபால்ல வந்துச்சு. செவ்வாக்கெழம போஸ்ட்மேன் வாசல்ல போட்டுட்டுப் போறான். கவர்ல எங்கக்கா கையெழுத்து. "திரு. பெர்க்மான்ஸ், மெக்கானிக், தூத்துக்குடி". தம்பின்னு ஒரு எழுத்து இல்ல. மெக்கானிக்காம். தாய்மாமன் எடத்துல நிக்கதுக்கு எங்க சித்தப்பா மவன் ஒருத்தனச் சொல்லி வெச்சிருக்காவன்னு கேள்வி. அவனுக்கு எங்க குடும்பத்துல யாரு மூத்தவ, யாரு எளையவன்னே தெரியாது.

எல்லாத்துக்கும் காரணம் இந்தப் பைல இருக்க கம்பிதான். இல்ல, நாந்தான். இல்ல, ரெண்டுந்தான். கேளுங்க, ஆறுமுகநேரி வார வரைக்கும் சொல்லுதேன்.

பழையகாயல் தாண்டி, ஆறு கடல்ல சேருத எடத்துக்கிட்ட ஒரு கிளப்பு இருக்கு. அதுல ஒரு வெள்ளக்காரப் படகு. ஸ்கீ படகும்பாவ. காலுல ரெண்டு பலகையக் கட்டிக்கிட்டு ஆளு தண்ணி மேல நிப்பாரு, இந்தப் படகு அவரக் கயிறு போட்டு இழுத்துக்கிட்டு ஓடும். எதுக்குன்னு என்னயக் கேக்காதீங்க. நாங்க மீன இழுக்கோம், அவுக மனுசன இழுக்காவ. படகுக்கு வயசு முப்பதுக்கு மேல. ஹெலன் மேடமோட வீட்டுக்காரரு வெளிநாட்டுலருந்து எறக்குனது. அவரு தவறிட்டாரு. மேடத்துக்கு அறுவது வயசு, அவுகளே ஓட்டுவாவ. நல்லா ஓட்டுவாவ. அந்தப் படகுல யாரையும் கை வெக்க விட மாட்டாவ. என்னய விட்டாவ பாருங்க, அங்கதான் அவுகளுக்குச் சனி புடிச்சுது.

போன வருசம் அதுல சாப்டு முறிஞ்சு போச்சு. சாப்டுன்னா, என்ஜினுக்கும் தண்ணிக்குள்ள சுத்துற புரொப்பல்லருக்கும் நடுவுல ஓடுற கம்பி. நம்ம லாஞ்சுல அது கைத்தண்டி இருக்கும். இதுல ஒரு இஞ்சு கனந்தான். நான் மொதல்ல பாத்துட்டுச் சிரிச்சேன். "என்ன மேடம், கொட சரி பண்ணவா கூப்பிட்டிய?"ன்னேன். அவுக சிரிக்கல.

புதுசு கடையணும். கடையதுக்கு இந்தக் கடற்கரையில எங்க கயித்தான் மச்சான விட்டா ஆளு கெடையாது. அக்கா வீட்டுக்காரரு. ஆறுமுகநேரியில ரோட்டு மேலயே லேத்துப் பட்டறை, பின்னாலயே வீடு. பேச்சு கெடையாது அவருக்கு. காலையில லேத்தப் போட்டாருன்னா சாயந்தரம் வரைக்கும் அதுதான் பேசும். "புரொப்பல்லரக் கொண்டா, அதப் பாத்துதான் முனையச் சரிக்கணும்"னாரு. நாலு நாளு எடுத்துக்கிட்டாரு. ஒரு மயிரெழ தப்பில்ல அண்ணாச்சி. புரொப்பல்லர முனையில வெச்சு ஒரு தட்டு தட்டுனா, முத்தம் குடுத்தாப்புல ஒட்டிக்கிட்டுது.

குடுக்கும்போது ஒரு வார்த்த சொன்னாரு. "மாப்ள, என்ஜினும் சாப்டும் நேரா இருக்கான்னு தரையில வெச்சுப் பாக்காத. படகத் தண்ணியில எறக்கி ஒரு நா கெடக்கவிட்டுப் பாரு. பாத்த பெறவு என்ஜின்ல கை வைக்காத."

எனக்குச் சுருக்குன்னுச்சு. முப்பது வருசமா என்ஜின் எறக்குதவன் நான். பட்டறைய விட்டு வெளிய வராத மனுசன் எனக்குச் சொல்லித் தாராரு. "சரி மச்சான்"னு சொல்லிட்டு, வழியெல்லாம் பல்லக் கடிச்சுக்கிட்டே வந்தேன். ஆனா அவரு சொன்னபடிதான் செஞ்சேன். அதச் சொல்லணும்லா. தண்ணியில எறக்குனேன். ஒரு நா விட்டேன். ஃபீலர் கேஜுன்னு ஒண்ணு இருக்கு, தாளு கனத்துக்குத் தகடு தகடா இருக்கும். கப்ளிங்குன்னா ரெண்டையும் சேக்குத வட்டத் தட்டு; என்ஜின் பக்கத்துக் கப்ளிங்கும் சாப்டுப் பக்கத்துக் கப்ளிங்கும் முகத்தோட முகம் சேருத எடத்துல அந்தத் தகட விட்டுப் பாக்கணும். சுத்தி நாலு பக்கமும் ஒரே இறுக்கமா போனா நேரா இருக்குன்னு அர்த்தம். எனக்குப் போச்சு. நாலு பக்கமும் ஒரே மாதிரி போச்சு. மேடத்தக் கூப்பிட்டுக் காட்டுனேன்.

மறுநா காலையில படக மறுபடி ஓட விடுததுக்குத் தொறப்பு விழா. சாமி காரியமும் கொற வைக்கல. எங்க அப்பா காலத்துலருந்து ஒரு பழக்கம். என்ஜின் உக்காருத மரத்துல உளிய வெச்சு ஒரு ரூவா அகலத்துக்குக் குழி தோண்டி, பனிமய மாதா பதக்கம் ஒண்ண உள்ள வெச்சு, அதுக்கு மேலதான் என்ஜின உக்காத்துவோம். நான் எறக்குன என்ஜின் எல்லாத்துக்கும் அடியில மாதா இருக்கா. இந்தப் படகுல மரமே கெடையாது. எல்லாம் ஃபைபரும் இரும்பும். குழி எங்க தோண்ட? அதுக்காக மாதா இல்லாம ஓட்ட முடியுமா? விழாவுக்கு அர மணி நேரம் முந்தி, முன்பக்கத்து மவுண்ட, அதான் என்ஜின் உக்காருத காலு, அத லேசா லூசு பண்ணி, பதக்கத்த அடியில சொருகி, பழையபடி இறுக்கி, சிலுவ போட்டுக்கிட்டேன். யாரும் பாக்கல. வெளம்பரத்துக்குச் செய்ற காரியமா அது?

என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்கிய? ஒங்களுக்கு இப்பவே வெளங்கிட்டுதா? நீங்க என்ன வேல பாக்கிய? ஜவுளிக்கடையா? ஜவுளிக்கட ஆளுக்கு அர நிமிசத்துல வெளங்குனது எனக்கு வெளங்க எட்டு மாசம் ஆச்சு.

படகு ஓடுச்சு. பதினோரு நாளு ஓடுச்சு. மேடம் சொல்லத்தான் செஞ்சாவ, "பெர்க்மான்ஸ், அதிருது"ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயசான படகு மேடம். நாமளுந்தான் இப்ப அதிருதோம்"னேன். அதுக்கும் அவுக சிரிக்கல.

பன்னெண்டாம் நாளு ஒரு ஞாயித்துக்கெழம. வெளியூருலருந்து ஆளுக வந்திருக்காவ, கரை நெறைய கூட்டம். மேடம் ஒரு பொண்ண இழுத்துக்கிட்டுப் போறாவ. நடு ஆத்துல டமார்னு ஒரு சத்தம். சாப்டு கப்ளிங்குக்கிட்ட ரெண்டா போச்சு. முறிஞ்சது பின்னால நழுவிச் சுக்கான்ல முட்டி நின்னுட்டுது. முட்டாம இருந்தா கம்பியும் புரொப்பல்லரும் ஆத்தோட போயி, ஓட்ட வழியா தண்ணி ஏறியிருக்கும். அந்தப் பொண்ணு தண்ணியில கெடந்து கைய ஆட்டுது. வள்ளம் போட்டு ரெண்டு பேரையும் இழுத்துட்டு வந்தோம்.

கரையில எல்லாரும் என்னயப் பாத்தாவ அண்ணாச்சி. அத்தன கண்ணு. அப்பத்தான் இந்தப் பாழாப்போன வாயி தன்னால தொறந்துச்சு. "இரும்பு கள்ள இரும்பு. எங்க மச்சான் ஏமாத்திட்டாரு"ன்னுட்டேன்.

சொன்னவன் அங்கனயே நிப்பாட்டியிருக்கலாம். மறுநா துறைமுகத்து டீக்கடையில சொன்னேன். ஐஸ் கம்பெனி வாசல்ல சொன்னேன். வலை பின்னுதவங்கக்கிட்டச் சொன்னேன். ஒரு பொய்ய நாலு தடவ சொன்னா நமக்கே அது நெசமா தெரியும் பாத்துக்கிடுங்க. ஒரு மாசத்துல லாஞ்சுக்காரங்க ஒருத்தரும் கயித்தான் பட்டறைக்குச் சாப்டு வேல கொண்டு போகல. முப்பத்தஞ்சு வருசமா அந்த மனுசன் கடைஞ்சு சேத்த பேரு. நான் டீ குடிக்க நேரத்துல காலி பண்ணிட்டேன்.

அவரு சண்டைக்கு வரல. ஒரே ஒரு ஆளு அனுப்புனாரு. "அந்த முறிஞ்ச துண்ட மட்டும் குடுத்துவிடு மாப்ள, நான் பாத்துக்கிடுதேன்"னு. ஏன்னு தெரியுமா? முறிவப் பாத்தா சொல்லிரலாம். இரும்பு சரியில்லன்னா பொடி பொடியா, கல்கண்டு ஒடைச்ச மாதிரி இருக்கும். நல்ல இரும்ப வளைச்சு வளைச்சு முறிச்சா, அலை போன பெறவு மணல்ல கெடக்குமே, அது மாதிரி வரி வரியா இருக்கும். எனக்கும் இது தெரியும். தெரிஞ்சதுனாலதான் நான் அந்தத் துண்டத் திருப்பிக்கூடப் பாக்கல. சாக்குல சுத்திக் கட்டிலுக்கு அடியில போட்டேன். "தொலைஞ்சு போச்சு"ன்னு சொல்லிவிட்டேன். எட்டு மாசம் அதுக்கு மேலதான் படுத்துக் கெடந்தேன்.

அக்கா அன்னைக்கிலருந்து என்கிட்டப் பேச்ச நிறுத்திட்டா. ஆகஸ்ட் மாசம் மாதா கோயில் திருவிழாவுக்கு வருசந்தோறும் எங்க வீட்டுலதான் தங்குவா. அந்தத் தடவ காலையில வந்து, தேரப் பாத்துட்டு, எங்க தெரு வழியாவே நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனா. நான் வாசல்லதான் நின்னேன். அழுகையா வந்துச்சு எனக்கு. அதையும் கோவமா மாத்திக்கிட்டேன்.

இது என்ன ஊரு, முக்காணியா? நேரம் இருக்கு. சரி, பெறவு நடந்ததக் கேளுங்க, நீங்க சிரிக்கணும்னா இங்கதான் சிரிக்கணும்.

மேடம் எப்படியும் என்னயத் தொரத்தியிருக்கணும். தொரத்தல. வெளியூருலருந்து வேற சாப்டு வரவழைச்சாவ. அதுக்கு நெறைய மாசம் ஆயிட்டுது. வந்தது நல்ல உருப்படி. பழையபடி தண்ணியில விட்டேன், ஃபீலர் கேஜு போட்டேன், நேரு பாத்தேன். எல்லாம் சுத்தம். பழச அவுக்கும்போது கெடைச்ச பதக்கத்த நான் அப்பவே தொடைச்சு, முத்தம் குடுத்து, பத்திரமா வெச்சிருந்தேன். சாப்டு முறிஞ்சும் மாதாவுக்கு ஒரு கீறல் இல்லன்னு எனக்குச் சந்தோசம் வேற. இப்ப யோசிச்சேன். போன தடவ ஏன் முறிஞ்சுது? ஒரு மாதா போதல. அதனால ரெண்டு வெச்சேன்.

சிரிங்க, சிரிங்க. முன் சீட்டுல இருக்க அம்மாவும் சிரிக்காவ. ரெண்டு வெச்சேன் அண்ணாச்சி! ஒண்ணு மேல ஒண்ணு!

நாலே நாளுல அதுவும் முறிஞ்சுது. ஒரு பதக்கம் பதினோரு நாளு தாங்குச்சு, ரெண்டு பதக்கம் நாலு நாளு. கணக்கு வாத்தியாரா இருந்தா அங்கனயே புடிச்சிருப்பாரு. நான் கரையில நின்னு, யாரத் திட்டலாம்னு சுத்திச் சுத்திப் பாக்கேன். திட்டுறதுக்கு இந்தத் தடவ மச்சான் கடைஞ்ச சாப்டு இல்ல. ஆளே அகப்படல. சரி, அவுக்க முந்தி ஒருக்கா கப்ளிங்க அளந்து பாப்போமேன்னு நேரா ஒரு கம்பியப் புடிச்சு அளந்தேன். கோணல்னா கோணல், அப்படிக் கோணல். நான் பாத்து விட்ட என்ஜின எவன்டா தூக்குனான்னு சத்தம் போட்டுக்கிட்டே மவுண்ட லூசு பண்ணுதேன். உள்ளருந்து ரெண்டு மாதாவும் என்னயவே பாத்துக்கிட்டு இருக்காவ.

பக்கத்துல ஹெலன் மேடம் நிக்காவ. குனிஞ்சு பாத்தாவ. பெறவு மெதுவா, "பெர்க்மான்ஸ், ஒங்க மச்சானுக்கு யாரு சொல்லப் போறா?"ன்னு கேட்டாவ. படகப் பத்தி அவுக கேக்கவே இல்ல.

அது நடந்து ஒரு மாசம் ஆச்சு. அன்னைக்கு ராத்திரி கட்டிலுக்கு அடியிலருந்து இந்தத் துண்ட எடுத்து முறிஞ்ச எடத்தப் பாத்தேன். வரி அண்ணாச்சி. அலை வரி. நல்ல இரும்பு.

அதான் இப்பப் போறேன். என்ன பேசணும்னு எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன். கேளுங்க, சரியா இருக்கான்னு சொல்லுங்க. உள்ள போறேன், உக்காருதேன், அக்கா தண்ணி குடுப்பா, குடிக்கேன். "மச்சான், நடந்தது நடந்து போச்சு. ரெண்டு பேரு மேலயும் தப்பு இருக்கு."

ஏன் தலையாட்டுதிய? ரெண்டு பேரும் இல்லையா? சரி, ஒண்ணர பேருன்னு வெச்சுக்கிடுவோம். அவரு அன்னைக்கு "கை வைக்காத"ன்னு வெறுமன சொன்னாரே, ஏன் வைக்கக் கூடாதுன்னு சொன்னாரா? சொல்லியிருந்தா நான்... சரி. சரி. விடுங்க. என் தப்புதான். முழுசா என் தப்புதான். ஒங்கக்கிட்டச் சொல்ல வருது பாத்தியளா, எவ்வளவு சுளுவா வருது. போன சனிக்கெழம இதே சீட்டுல ஒரு பள்ளிக்கூட சாருக்கிட்டயும் சொன்னேன். அதுக்கு முந்துன சனிக்கெழம ஒரு நர்சம்மாக்கிட்ட.

ஆமா அண்ணாச்சி. இது நாலாவது சனிக்கெழம. மூணு தடவையும் பட்டறை வரும், லேத்துச் சத்தம் கேக்கும், நான் எறங்க மாட்டேன். நேரா திருச்செந்தூரு போயி, ஒரு டீயக் குடிச்சிட்டு, திரும்புத பஸ்ஸுல தூத்துக்குடி. அதான் கண்டக்டர் தம்பி கேக்காமலே டிக்கெட்டு அடிக்காரு. ஆனா இன்னைக்கு எறங்கிருவேன். இன்னைக்கு விட்டா கல்யாணத்துக்கு முந்தி வேற சனிக்கெழம கெடையாது. ஸ்டாப்புல எறங்கி, மெதுவா நடந்து, பின் வாசல் வழியா போனா ஒரு ஈ காக்கா பாக்காது. காதுங்காதும் வெச்ச மாதிரிச் சொல்லிட்டு வந்திருவேன்.

என்ன, வண்டி நிக்கி? ஸ்டாப்பு இன்னும் வரலியே. ரோட்டுல ஆடு கீடா?

ஐயோ. அண்ணாச்சி, இது பட்டறை வாசல்.

தம்பி, இங்க ஸ்டாப்பு கெடையாது. விசில ஊதுங்க, வண்டி போவட்டும். என்னது? நான் எறங்காம வண்டி நவராதா? நாலு வாரமா கேட்டுக் கேட்டு ஒங்களுக்கு மனப்பாடம் ஆயிட்டா? தம்பி, அப்ப காதுல அந்த வயரு? சும்மாவா சொருகியிருக்கிய? பாட்டே ஓடலியா!

டிரைவரும் என்ஜின நிறுத்திட்டாரே. எல்லாரும் ஏன் எந்திரிச்சு நின்னு பாக்கிய? நான் ஸ்டாப்புல எறங்கி, நடந்து வந்து, உள்ள போயி மெதுவா சொல்லிக்கிடுதேன் அண்ணாச்சி. நீங்களுமா? "கூட்டத்துல சொன்னதக் கூட்டத்துலதான் திருப்பி எடுக்கணும்"னா? ஜவுளிக்கடையில இப்படித்தான் பேசுவியளா?

சரி. சரி. அந்தப் பைய எடுங்க. படி வரைக்கும் வாரேன். படியில நின்னு சொல்லுதேன்.

மச்சான்!

லேத்து ஓடுது, கேக்கல. மச்சான், நாந்தான், பெர்க்மான்ஸ்! பாத்துட்டாரு. கையக் காதுக்கிட்ட வெச்சு என்னதுங்காரு. மச்சான், ஒரு தப்பு நடந்து போச்சு! கேக்கலியாம். மச்சான், தப்பு எம்மேல! இன்னும் கையக் காதுலருந்து எடுக்கல பாருங்க.

மச்சான்! ஒங்க இரும்பு நல்ல இரும்பு! நாந்தான் என்ஜினுக்கு அடியில பதக்கத்த வெச்சுக் கோணலாக்கி முறிச்சேன்! ஒங்க பேர நாந்தான் கெடுத்தேன்! துண்டு தொலையல, நாந்தான் ஒளிச்சு வெச்சேன்! இந்தா இருக்கு!

லேத்த நிறுத்திட்டாரு. அண்ணாச்சி, இவருக்கு மொதத் தடவையே கேட்டிருக்குமோ?

வாராரு. கையத் தொடைச்சுக்கிட்டே வாராரு. இந்தாங்க மச்சான். கண்ணாடிய எறக்கி முறிவப் பாக்காரு. கட்ட வெரல அது மேல ஓட்டுதாரு. ஆமா மச்சான், வரிதான். ஆமா, ரெண்டாவது சாப்டும் போச்சு. எத்தன பதக்கமா? அது... ரெண்டு மச்சான். ஒண்ணு மேல ஒண்ணு.

திரும்பிட்டாரு. துண்டக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு உள்ள போறாரு. போச்சு அண்ணாச்சி, அவ்வளவுதான். நான் சொன்னேன்லா, திருச்செந்தூரே போயிருக்கலாம்.

இருங்க. வீட்டுப் பக்கம் பாத்து என்னமோ சத்தம் போடுதாரு. ஒங்களுக்குக் கேட்டுதா? எனக்குச் சரியா விழல, கண்ணு வேற மறைக்கி. என்ன சொன்னாரு தம்பி, ஒங்க காதுதான் நல்ல காதாச்சே.

"கித்தேரி, ஒந் தம்பி வந்திருக்கான். பத்திரிகை ஒண்ணு எடுத்துட்டு வா. தட்டுல வெச்சு எடுத்துட்டு வா."

விசில ஊதுங்க தம்பி. நீங்க போங்க. நான் எறங்கிட்டேன்.